விளக்கு வைத்ததும் ஒரு மாத்திரை

ஜனவரி 8, புதன்

இந்த டைரி ஓசியில் வந்தது. நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனி வருடா வருடம் கொடுப்பது. லேபில் உட்கார்ந்து மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் பிழைப்பு. டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பண்ணைக் குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பு: "முட்டையிடும் பருவத்தில் கோழிகளை அடிக்கடி தூக்கிப் பார்க்கக் கூடாது." இதைக் கிழித்து எங்கள் வீட்டு ஹாலில் ஒட்டலாம்.

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். டாக்டர் மல்லிகேஸ்வரி எழுதச் சொன்னார். "நாலு வருஷமா போட்டுட்டிருந்த மாத்திரையை நிறுத்தப் போறீங்க இந்துமதி. உடம்பு கொஞ்சம் திணறும். தேதி தள்ளலாம், பரு வரலாம், தலை வலிக்கலாம், காரணமே இல்லாம எரிச்சல் வரலாம். சிலருக்கு அடுத்த மாசமே கரு தங்கும், சிலருக்கு மூணு மாசம் இழுக்கும். எது நடந்தாலும் தேதி போட்டு எழுதுங்க. பயப்படாதீங்க." கடைசி வார்த்தையைத் தவிர எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

என்ன மாத்திரை என்று எழுதவில்லையே. கருத்தடை மாத்திரை. எழுதிவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

இத்தனை நாள் ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். "வேலை டாக்டர்" என்றேன். இனி எழுத இந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

இன்று மாதவிலக்கு வந்தது. தேதி குறித்தாயிற்று.

விஷயத்தை முழுசாக எழுதினால்தான் டைரிக்கு மரியாதை. கல்யாணமான இரண்டாவது மாதம், பீரோவில் என் புடவைகளுக்கு நடுவே இருந்த மாத்திரைப் பட்டையை அத்தை பார்த்துவிட்டார். அத்தை என்றால் என் மாமியார் ரங்கநாயகி. "இது என்ன மாத்தர கண்ணு?" என்று கேட்டார். "குழந்தை உண்டாகறதுக்கு டாக்டர் குடுத்ததுங்கத்தை" என்று என் வாய் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பொறுப்பு அத்தையுடையது. பட்டை பூஜை அலமாரிக்குப் போனது. முருகன் படத்துக்குக் கீழே, சந்தனப் பொட்டோடு இருக்கும். பொழுதோட விளக்கு வைத்ததும் ஒரு மாத்திரையைத் தன் கையாலேயே பிதுக்கித் தண்ணீரோடு தருவார். மறந்ததே கிடையாது. என் கம்பெனி எத்தனையோ நாள் சம்பளத்தை மறந்திருக்கிறது, அத்தை மாத்திரையை மறந்ததில்லை.

பட்டையில் இருபத்தொன்று வெள்ளை, ஏழு பழுப்பு. அதற்கு அத்தையிடம் ஒரு விளக்கம் உண்டு. வெள்ளை உழுவது, பழுப்பு விதைப்பது. அதனால் பழுப்பு தொடங்கும் நாளில் சர்க்கரைப் பொங்கல். என் வீட்டுக்காரர் சந்திரமோகன் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். அந்த நாட்களில் அவரை நேரத்தோடு அனுப்பச் சொல்லிப் பட்டறை ஓனருக்கே அத்தை போன் போடுவார். நாலாம் நாள் எனக்கு வந்துவிடும். அத்தையின் முகம் விழுந்துவிடும். ஒரு வார்த்தை சொல்லமாட்டார், எனக்கு ஒரு தம்ளர் பால் கூடுதலாக வைப்பார்.

அந்த முகத்தை மாதா மாதம் பார்த்துக்கொண்டேதான் நாலு வருடம் போட்டேன். எழுதிவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கடைசிப் பழுப்பு மாத்திரை. "போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்கத்தை. இனி வேண்டாமாம்" என்றேன். நிம்மதிப் பெருமூச்சு விடக்கூட விடவில்லை.

"நாலு வருசம் மாத்தர போட்டே நிக்கல. போடாம நிக்குமா?" என்றார் அத்தை.

கணக்குப்படி அவர் பேசியது ரொம்பச் சரி.

ஜனவரி 13, திங்கள். போகி

விளக்கு வைத்ததும் அத்தை கையில் மாத்திரையோடு நிற்கிறார். புதுப் பட்டை. நான் வாங்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "கெடைக்குது, நீ போடு சாமி" என்றார்.

நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, தலையாட்டிவிட்டு, வாஷ்பேசினில் துப்பினேன். நாலு வருடம் அத்தையை ஏமாற்றி மாத்திரை போட்டேன். இன்றிலிருந்து அத்தையை ஏமாற்றி மாத்திரை போடாமல் இருக்கிறேன்.

"உண்மைய சொல்லிரலாமா?" என்று சந்திரமோகனைக் கேட்டேன். எல்லாம் தெரிந்த மனிதர்தான். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதில் அவரை அடிக்க ஆள் இல்லை. "அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துரும் இந்து" என்றார். அவர் அம்மா அப்போது இரண்டு குடம் தண்ணீரை ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜனவரி 14

பொங்கல். கரும்புச் சக்கையோடு சேர்த்துத் துப்பியதால் இன்று சுலபம்.

ஜனவரி 19, ஞாயிறு

தாடையில் மூன்று பரு, நெற்றியில் ஒன்று. பத்தாம் வகுப்பு ஹால்டிக்கெட்டில் இருந்த முகம் திரும்பி வந்திருக்கிறது. காலையில் தலைவலி. நேற்று சோள வியாபாரி ஒருவரிடம், "இது சோளமா, ஊறப்போட்ட துணியா?" என்று கத்திவிட்டேன். அவருடைய சோளத்தில் ஈரம் சரியாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்ன எரிச்சல் இதுதான் போல. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன், அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் எரிச்சல் வந்துவிட்டது.

அத்தை என் பருவைப் பார்த்து, "மாத்தர சூடு பண்ணுது" என்று தலையில் விளக்கெண்ணெய் வைத்தார்.

ஜனவரி 23, வியாழன்

மாமா, அதாவது என் மாமனார், பிரஷர் மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போய்விட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். வயது அறுபத்து நாலு.

"ஒரு வருசமாவே அந்த மெடிக்கல் ராஜமாணிக்கம் எனக்கு மட்டும் ஸ்டூல் எடுத்துப் போடறான். இன்னிக்குப் பேரீச்சம்பழப் பொட்டலம் ஒண்ணு சும்மா குடுக்கறான். 'இந்த வயசுலயும் இப்புடி இருக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணுங்கய்யா'ங்கறான். எல்லாம் வாக்கிங்தான்!" என்றார். நாளையிலிருந்து காலையில் இரண்டு சுற்று கூடப் போகப் போகிறாராம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பட்டையை வாங்குவது அத்தை. ஐம்பத்தெட்டு வயது அத்தை, காலிப் பட்டையை ராஜமாணிக்கத்திடம் நீட்டியிருக்கிறார். அந்த மனிதர் இந்த மாதிரி சாமான்களை யார் கேட்டாலும் வாய் திறக்கமாட்டார். தலையைக் குனிந்து, பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கொடுப்பார். வாங்குகிறவரும் பேசமாட்டார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நாகரிகம்.

எனக்கு வாங்குவது இந்த மாதம்தானே. அப்புறம் ஏன் ஒரு வருடமாக மாமாவுக்கு ஸ்டூல் போடுகிறார் என்று யோசிக்கவில்லை. துணி மடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோகிலவாணி வந்திருந்தாள். சந்திரமோகனின் தங்கை. ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் ஒன்றும் இல்லை. அவள் மாமியார் வீட்டில் இதே பேச்சு. வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கிற ஆபரேஷனுக்குச் சேலத்தில் தேதி வாங்கிவிட்டார்கள், பிப்ரவரி 28. "அதுலயும் சரியில்லன்னு வந்தா எங்கூட்டுக்கே திரும்பி வந்தற வேண்டியதுதான் அண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

கிளம்பும்போது அத்தை பையில் முறுக்கு, நெய், கறிவேப்பிலைப் பொடி எல்லாம் வைத்தார். பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து நாலைந்து திருநீற்றுப் பொட்டலமும் மடித்துக் கொடுத்தார். அதில் என்ன வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று எழுதியது பொய். பார்த்தேன்.

பட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கிப் பிதுக்கி, வாரத்துக்கு ஒரு பொட்டலமாக மடித்தார். பழுப்புக்குத் தனிப் பொட்டலம், அதில் குங்குமப் பொட்டு. சாமி பாதத்தில் வைத்துக் கொடுத்த மாத்திரை என்பதால் கோகிலா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் பி.காம். படித்தவள். பட்டையோடு கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் போனில் தேடிப் பார்த்திருப்பாள். பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கும், கோயில் பெயரைத் தவிர.

கல்யாணமான மாதத்திலிருந்தே கொடுக்கிறாராம். "உனக்கு லேட்டாகுதுன்னுதான் அவளுக்கு மொதல்லயே ஆரம்பிச்சுட்டேன்" என்று அத்தை பெருமையாகச் சொன்னார்.

கோகிலாவுக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் கத்தரிக்காயைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கரூர். அக்கா மகள் மகிழினிக்கு நாலு வயது முடிந்தது. காலையில் அக்கா படத்துக்கு மாலை போட்டுப் படையல். அதே ஹாலில் சாயங்காலம் பலூன், கேக். இரண்டும் ஒரே தேதி, என்ன செய்வது. படையலுக்கு வந்தவர்கள் கேக்குக்கும் இருந்துவிட்டார்கள். காலையில் அழுத சித்தப்பா மாலையில் தொப்பி வைத்துக்கொண்டு கை தட்டினார். அக்காவின் மாலையில் ஒரு பலூன் மாட்டிக்கொண்டது. யாரும் எடுக்கவில்லை.

அக்கா செண்பகம் என் கல்யாணத்துக்கு ஒன்பது மாத வயிற்றோடு வந்து, இரண்டு ஜாங்கிரி தின்றாள். அதற்குப் பதினேழு நாள் கழித்து இது.

மகிழினி என் மடியில் ஏறிக்கொண்டு, "சித்தி, உங்க வயித்துலயும் பாப்பா வந்தா நீங்களும் போட்டோவுக்குள்ள போயிருவீங்களா?" என்று கேட்டாள்.

கேக் ரொம்ப இனிப்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு

முப்பத்தெட்டு நாள். வரவில்லை. வீட்டில் பார்க்கிற டெஸ்ட் எடுத்தேன், ஒரு கோடுதான். டாக்டர் மல்லிகேஸ்வரிக்குப் போன் செய்ததற்கு, மாத்திரை விட்டால் முதல் தடவை இப்படித்தான் இழுக்கும், பொறுங்கள் என்றார்.

பொறுக்கிற ஆளா எங்கள் அத்தை? காலண்டரில் என் தேதியை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். காலையில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முகத்துல பருவு. எதுக்கெடுத்தாலும் சள்ளுனு விழற. தேதி தள்ளிப் பத்து நாளாச்சு, இன்னும் ஒக்காரல." கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "மாத்தர வேல செஞ்சுருச்சு கண்ணு!"

"டெஸ்ட்ல இல்லைன்னு வந்துதுங்கத்தை."

"அந்தக் குச்சிக்கு என்ன தெரியும்?"

மாத்திரையை விட்டதால் வந்த பருவைப் பார்த்துச் சூடு என்றார். இப்போது அதே பருவைப் பார்த்துப் பேரன் என்கிறார். மத்தியானத்துக்குள் ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கத் தகவல் போய்விட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூன்று பெண்கள் வந்தார்கள். முதல் வீட்டு சுலோச்சனாக்கா தன் மருமகளுக்காக, மற்ற இருவர் தங்கள் மகள்களுக்காக. "நாலு வருசம் கழிச்சு நின்னுருக்குதே, அந்த மாத்திரை எதுங்க?" அத்தை ஆளுக்கொரு காலிப் பட்டையை சாம்பிளாகக் கொடுத்து அனுப்பினார். நான் சமையலறையில் நின்று வாயில் துண்டை அடைத்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாமா மெடிக்கலிலிருந்து செய்தி கொண்டுவந்தார். ராஜமாணிக்கத்திடம் ஏதோ ஒரு மாத்திரை ஸ்டாக் தீர்ந்துவிட்டதாம். "உங்க தெரு மொத்தமும் ஒரு முடிவுக்கு வந்துருச்சு போலங்கய்யா. எல்லாத்துக்கும் நீங்கதான் வழிகாட்டி" என்றாராம். மாமா நாளைக்குத் தெரு ஆண்களைச் சேர்த்து வாக்கிங் கிளப் ஆரம்பிக்கிறார்.

அத்தை கோகிலாவுக்குப் போன் போட்டார். "உங்கண்ணிக்குப் புடிச்சுருச்சு. நீ இனிமே ரெண்டு ரெண்டா போடு. ஆபரேசனுக்குள்ள நின்னுரும்."

போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "தண்ணி நெறைய குடி கோகிலா" என்று தள்ளி நின்று கத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஏழாம் மாதம் ஆவணியில் வருகிறதாம், முகூர்த்த மாதம், இப்போதே சொல்லிவைக்காவிட்டால் வளைகாப்புக்கு மண்டபம் கிடைக்காதாம். அத்தை சொல்லிவைத்துவிட்டார். மண்டபக்காரர் ரசீதில் "இந்துமதி வளைகாப்பு" என்று எழுதியிருக்கிறார். என் வயிற்றில் காலை சாப்பிட்ட நாலு இட்லியைத் தவிர எதுவும் இல்லை.

பிப்ரவரி 22, சனி

கோகிலாவுக்கு வாந்தி.

நாலு நாளாக இரண்டு இரண்டாகப் போட்டதால் வந்த வாந்தி. அத்தை அதைக் கேட்டதும் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றினார். தெருவுக்கு லட்டு. "ரெண்டு வயிறும் ஒண்ணா நெறஞ்சுருச்சு!" சந்திரமோகன் லட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பெயின்ட் காய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பட்டறைக்குப் போய்விட்டார்.

அவள் மாமியார் வீட்டில் மட்டும் யாரும் லட்டு தின்னவில்லை. அங்கேயும் டெஸ்ட் எடுத்து இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆபரேஷன் தேதி மாறவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாற்பத்தேழாம் நாள். காலை பதினொன்றேகாலுக்கு, லேபில் வந்தது.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கரூரிலிருந்து வந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும், இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் சாமி கும்பிட்டேன். இல்லை என்று தெரிந்ததும் சோள மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அப்படி ஒரு அழுகை. அந்த ஒரு கோட்டை நானும் நம்பவில்லை போலிருக்கிறது. அத்தையோடு சேர்ந்து உள்ளுக்குள் நானும் மண்டபம் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் குழந்தை வேண்டும். சாகப் பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டேன்.

பிறகுதான் கோகிலாவை நினைத்தேன். பதினேழு மாதமாக, மாதா மாதம், இதே மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவளை அங்கே உட்கார வைத்தது நான்.

பிப்ரவரி 26, புதன்

லீவு போட்டுவிட்டு ராசிபுரம் பஸ் ஏறினேன். அவள் மாமியார் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலா சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"கோகிலா, அம்மா குடுக்கற மாத்திரை குழந்தை வர்றதுக்கு இல்ல. வராம இருக்கறதுக்கு. நான் எனக்காக வாங்கினது. அம்மாகிட்ட மாத்திச் சொன்னது நான்தான்."

கத்தி நின்றது. "எது? திருநீத்துப் பொட்டலத்துல வருதே, அதா?"

"அதேதான்."

"மொத மாசத்துலிருந்து அதத்தானே அண்ணி போடறேன். காச்சல்லகூட நிறுத்தலையே. ஒரு நாள் தப்பலையே."

"தெரியும்."

கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நிமிர்ந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

எனக்குப் புரியவில்லை.

"என் ஒடம்புல கொற ஒண்ணும் இல்லையா அண்ணி? நானு... நான் நல்லாத்தான் இருக்கறனா?"

"மாத்திரைய நிறுத்தினாத்தான் எதுவுமே தெரியும். ஆனா இதுவரைக்கும் நிக்காததுக்குக் காரணம் நீ இல்ல. நான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் ஹாலுக்குக் கேட்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. கை நிறைய வெங்காயத்தை அள்ளி என் மேல் அடித்தாள். "மண்சோறு தின்னேன் அண்ணி! கோயில் தரையில போட்டு, கையப் பின்னால கட்டிக்கிட்டு, ரெண்டு தடவ! ஒரு தடவ கல்லு கடிச்சு இந்தப் பல்லு ஒடஞ்சுபோச்சு, பாருங்க." வாயைத் திறந்து காட்டினாள். உண்மையிலேயே ஒரு கடைவாய்ப் பல் பாதிதான் இருந்தது. அதைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் வெங்காயம் பொறுக்கினோம்.

"காலைல மொத பஸ்ஸுக்கு வர்றேன். அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றாள்.

"வேண்டாம், நானே சொல்லிர்றேன்."

"நீங்க சொன்னா பாதிதான் சொல்லுவீங்க."

பிப்ரவரி 27, வியாழன்

சொல்லியாயிற்று. பாதி அவள் சொன்னாள், மீதியை என்னையே சொல்ல வைத்தாள்.

அத்தை பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து, பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "வெள்ள மாத்தர?"

"அதுதாங்கத்தை தடுக்கறது."

"பழுப்பு?"

"அது வெறும் இரும்புச்சத்து. கணக்கு மறக்காம இருக்கறதுக்குக் குடுக்கறது."

"இரும்புச்சத்துக்கா மாசாமாசம் பொங்கல் வெச்சேன்?"

மாமா எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது. "அப்ப ராஜமாணிக்கம் என்னை எதுக்கு..." என்று ஆரம்பித்து, அத்தையைப் பார்த்து, பட்டையைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். "அப்ப வாக்கிங் இல்லையா?" என்றார். பாவமாக இருந்தது. போய்ப் படுத்துக்கொண்டார்.

சந்திரமோகன் வாசலைப் பார்த்து மெல்ல நகர்ந்தார். "பெயின்ட் தானா காயும், உக்காருடா" என்று கோகிலா கத்தியதும் உட்கார்ந்துவிட்டார். நாலு வருடத்தில் இன்றுதான் தனக்கும் தெரியும் என்று அவர் அம்மாவிடம் ஒப்புக்கொண்டார்.

அத்தை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சுலோச்சனாக்கா வீட்டுக்குப் போனார். அங்கிருந்து மற்ற இரண்டு வீட்டுக்கும். கடைசியாக மெடிக்கல். பத்துப் பேர் நிற்கும்போது ராஜமாணிக்கத்திடம், "நீ குடுத்தது கருத்தட மாத்தரைன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பொண்ணு மண்ணுல சோறு தின்னிருப்பாளா?" என்று கேட்டாராம். ராஜமாணிக்கம் அப்போதும் பதில் சொல்லவில்லையாம். பழக்கதோஷத்தில் கறுப்புக் கவரை எடுத்து நீட்டினாராம்.

ஆபரேஷன் தள்ளிப்போடப்பட்டது. கோகிலா தன் மாமியாரிடம் முழு உண்மையையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் எங்கள் வீட்டையே ஒரு மணி நேரம் திட்டினாராம். திட்டட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

மூன்று நாளாக அத்தை என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டார், பேசவில்லை. இன்று காலை துணி காயப்போடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"செண்பகத்துனாலதான?"

கையில் ஈரப் போர்வை இருந்தது.

"நானுந்தான எழவுக்கு வந்தேன். நீ அழுவவே இல்ல. ஊருக்கு வந்தப்புறமும் அக்காளப் பத்தி ஒரு வார்த்த பேசல. தைரியமான புள்ளைன்னு நெனச்சுட்டேன்."

"ரெத்தம் நிக்கவே இல்லைங்கத்தை" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இந்த டைரியிடம்கூட. "எம்புடவையெல்லாம் ரெத்தம். அவ என்னைப் பாத்து, புள்ள என்ன புள்ளைன்னு கேட்டா. நான் சொல்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அத்தை போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அதைப் பிழிந்தோம். பிழிந்து முடித்தும் விடவில்லை.

"வேண்டாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு. நான் என்ன பண்ணியிருக்கப் போறேன்?"

"பேசிப் பேசியே என்னைக் கொன்னிருப்பீங்கத்தை."

அத்தை நிஜமாகவே யோசித்தார். "ஆமா" என்றார். "கொன்னுதான் இருப்பேன்."

போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு, "இப்ப வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். நாலு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கணவரும் கேட்டதில்லை.

"வேணுங்கத்தை. பயமாவும் இருக்குது."

"பயந்துக்கிட்டே பெத்துக்கலாம். நல்ல ஆஸ்பத்திரியா பாத்துக்கலாம், மொத நாள்லிருந்து நான் கூட இருக்கறேன். ஆனா நீயா வந்து சொல்ற வரைக்கும் நான் இனி கேக்க மாட்டேன்."

"உங்களால முடியுமாங்கத்தை?"

"முடியாது. ஆனா கேக்க மாட்டேன்."

மார்ச் 9, ஞாயிறு

கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கேட்கவில்லை. ஆனால் ரூம் கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். பரு இரண்டு காய்ந்துவிட்டது. தலைவலி இல்லை. சோள வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 27, வியாழன்

கேட்கவில்லை. காலண்டரைக் கழற்றித் தானே மாமாவின் ரூமில் மாட்டிவிட்டார், பார்த்தால் கேட்கத் தோன்றுகிறதாம்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் வந்தது. முப்பத்தாறு நாள்.

நானே சமையலறைக்குப் போனேன். அத்தை புளி கரைத்துக்கொண்டிருந்தார். "இந்த மாசம் இல்லைங்கத்தை" என்றேன்.

"சரி கண்ணு" என்றார். கை புளியிலேயே நின்றுவிட்டது. முகம் விழுந்தது. எனக்கும் விழுந்தது. நாலு வருடத்தில் முதல் தடவையாக, இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக வருத்தப்பட்டோம்.